கை வைக்கக் கூடாத தெரு

பாலத் தெருவில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வாராவாரம் குறைந்துகொண்டே வந்தது. குறையக் கூடாத தெரு அது.

குறைய வேண்டியது மில் தெருவில். அங்கேதான் வீட்டுக்கு வீடு மூடியும் குழாயும் வைத்த தண்ணீர் டிரம் கொடுத்திருந்தார்கள். கூடவே குளோரின் மாத்திரையும் அதைப் போடும் முறையும். பாலத் தெருவுக்கு எதுவும் கிடையாது. வாரம் ஒருமுறை போய், குழந்தைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டு, எழுதிக்கொண்டு திரும்பிவிட வேண்டும். இரண்டு தெருவிலும் ஒரே தண்ணீர், ஒரே அளவு வீடுகள், ஒரே மாதிரி திறந்த சாக்கடை. ஒன்றில் டிரம் இருக்கிறது, ஒன்றில் இல்லை. அருகருகே வைத்துப் பார்த்தால் டிரம் என்ன செய்தது என்று தெரிந்துவிடும். பயன் இருக்கிறது என்று தெரிந்தால் பாலத் தெருவோடு சேர்த்து ஊரின் மற்ற தெருக்களுக்கும் டிரம் வாங்குவதாக நகராட்சி சொல்லியிருந்தது.

கம்ப்யூட்டர் அறையில் இன்ஜினியர் வரைபடத்தைத் திரையில் போட்டார். இரண்டு கோடுகள். நீலம் மில் தெரு, சிவப்பு பாலத் தெரு. நடுவில் ஓரிடத்தில் சிவப்பு நீலத்தைத் தாண்டிக் கீழே இறங்கியிருந்தது.

"சார், படத்தைத் தலைகீழாப் போட்டுட்டீங்களா?" என்றார் வக்கீலம்மா.

"நானும் அப்படித்தான்மா நினைச்சேன். திருப்பித் திருப்பிப் பாத்துட்டேன். நேராத்தான் இருக்கு."

"அப்ப, குடுத்த தெருவை விடக் குடுக்காத தெரு நல்லா இருக்குன்னு அர்த்தம். டிரம்ல என்னத்தைக் கலந்தீங்க?"

"நான் பைப்புப் போடறவன். கலக்கறதெல்லாம் சிஸ்டரோட டிபார்ட்மென்ட்."

இருவரும் சிரித்தார்கள். சிஸ்டர் சிரிக்கவில்லை.

இரண்டு வருடப் படிப்பை ஒரே வருடத்தில் அமுக்கிக் கொடுக்கும் முதுகலை அது. பொது சுகாதாரம். ஏதாவது ஒரு துறையில் பல வருடம் வேலை பார்த்தவர்களை மட்டும்தான் சேர்ப்பார்கள். வகுப்பில் பாதிப் பேருக்குப் படிக்கக் கண்ணாடி வேண்டும். இடைவேளை வந்தால் வராந்தா முழுக்க, "அந்தக் கோப்பு ரெண்டாவது அலமாரியில இருக்கு, நல்லாத் தேடு" என்று போனில் தங்கள் அலுவலகங்களோடு கத்திக்கொண்டிருப்பார்கள். ஒரே தொழில்காரர்கள் ஒரே குழுவில் இருக்கக் கூடாது என்பது விதி. அப்படிச் சேர்ந்த மூன்று பேர்தான் இவர்கள்: குடிநீர் வாரியத்தின் இன்ஜினியர், தொழிலாளர் வழக்குகள் நடத்தும் வக்கீலம்மா, அரசு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டில் தலைமை நர்ஸாக இருந்த சிஸ்டர்.

வார்டில் தேறி வீட்டுக்குப் போகும் குழந்தை அடுத்த மாதமே அதே கட்டிலுக்குத் திரும்பி வரும். அப்படி வந்து படுத்த ஒரு குழந்தையின் கையில் ஊசி குத்த நரம்பு தேடிக்கொண்டிருந்தபோதுதான், இடைப்பட்ட நாளில் அந்த வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று தனக்கு எதுவுமே தெரியாது என்பது சிஸ்டருக்கு உறைத்தது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் படிக்க வந்தாள். இன்னொன்றும் இருந்தது. மருத்துவமனையில் புதிதாகத் தொற்றுத் தடுப்புப் பிரிவு தொடங்குகிறார்கள். அதன் தலைமைக்கு இந்தப் பட்டம் வேண்டும். மேட்ரன் ஒரு வருடம் சம்பளமில்லா விடுப்புக் கொடுத்து, "படிச்சுட்டு வா. நாற்காலி இருக்கும். ஆனா ஒரு வருஷத்துக்கு மேல என்னால அதைப் பிடிச்சு வச்சுக்க முடியாது" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அந்த வருடம் முடியப்போகிறது. இந்த ஆய்வு நிறைவேறினால் பட்டம், இல்லாவிட்டால் இன்னொரு பருவம்.

சிவப்புக் கோடு ஏன் இறங்கியது என்று சிஸ்டருக்குத் தெரியும். அதனால்தான் சிரிக்கவில்லை.

ஆய்வு தொடங்கிய புதிதில், பாலத் தெருவில் பச்சைக் கதவு போட்ட வீடு. ஒரு வயதுக் குழந்தை அம்மாவின் மடியில் துணி மாதிரி கிடந்தது. கண் உள்வாங்கியிருந்தது. சிஸ்டர் அதன் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டாள். தோல் அவசரமே இல்லாமல் மெல்லத் திரும்பியது; உடம்பில் நீர் வற்றியிருந்தது. கையில் இருந்த கேள்வித்தாளைக் கதவோரம் வைத்துவிட்டு அவள் நேராக அடுக்களைக்குள் போனாள். உப்பு எங்கே, சர்க்கரை எங்கே, கொதிக்கவைத்த தண்ணீர் இருக்கிறதா. குழந்தை மூத்திரம் போகும்வரை பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினாள்.

அதோடு நிறுத்தியிருந்தால் தேவலை. கையை எப்போது கழுவ வேண்டும், தண்ணீர் வாளிக்குள் டம்ளரை ஏன் விடக் கூடாது, பால் புட்டியை ஏன் தூக்கி எறிய வேண்டும், எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். அடுத்த வாரம் அந்த வாசலில் நான்கு அம்மாக்கள் இடுப்பில் பிள்ளையோடு காத்திருந்தார்கள். வரச் சொன்னது யார் என்று அவள் கேட்கவில்லை. உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள். அதன் பிறகு வாராவாரம் அப்படித்தான். குழுவில் யாரிடமும் மூச்சு விடவில்லை. வீடுகளைப் பிரித்துக்கொண்டு ஆளுக்கொரு நாள் போனதால் மற்ற இருவர் கண்ணில் படவும் இல்லை.

"வியாழக்கிழமை கணக்கு மிஸ் வராங்க. ஏதாவது விளக்கம் வேணும்ல?" என்றார் இன்ஜினியர், திரையைப் பார்த்தபடியே.

"யோசிப்போம்" என்று வக்கீலம்மா சட்டென்று எழுந்தார். வழக்கமாக ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு அரை நாள் வாதாடுகிறவர் அவர். அன்று அவருக்கு அவசரமாக எங்கேயோ போக வேண்டியிருந்தது.

வீட்டில் சாப்பாட்டு மேசையின் ஒரு பாதி மகளுடையது, ஒரு பாதி அம்மாவுடையது. இருவருக்கும் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. பேருந்துப் பணிமனையில் நேரம் குறிக்கும் வேலை பார்க்கும் அப்பா இந்த ஒரு வருடமாக அடுப்படிக்கும் பொறுப்பு.

"என்னம்மா, ஃபெயில் ஆன மாதிரியே உக்காந்திருக்க?" என்றாள் மகள்.

"வாயைக் கழுவு."

"இல்ல, சொல்லு. கணக்குல வீக்குன்னா எங்க டியூஷன்லயே சேத்துவிடறேன். கடைசி பெஞ்சு காலியாத்தான் இருக்கு."

சிஸ்டர் சிரித்துவிட்டு, சிரிப்பு தீர்ந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். கணவர் கரண்டியோடு வந்து நின்று கேட்டார்.

"இவ்ளோதானா? அந்தத் தெருவையே விட்டுடு. மில் தெருவை மட்டும் எழுது. முன்னாடி இவ்ளோ இருந்துச்சு, இப்ப இவ்ளோ இருக்கு."

"அப்படி எழுதினா, டிரம்மால குறைஞ்சுதா, மழை நின்னதால குறைஞ்சுதான்னு கேப்பாங்க."

"கேக்கட்டுமே. பாஸ் போடுவாங்கல்ல?"

"போடுவாங்க."

"அப்புறம் என்ன?"

"நகராட்சிக்கு அது பத்தாது. டிரம் வாங்க மாட்டாங்க."

"சரி, இருக்கறதை அப்படியே குடுத்தா?" என்றாள் மகள்.

"டிரம் வேஸ்ட்டுன்னு ஆயிடும். அது இன்னும் மோசம். பொய்யும் கூட. மில் தெருவுலயும் குறைஞ்சுதான் இருக்கு, பாலத் தெரு அளவுக்கு இல்ல, அவ்ளோதான்."

கணவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். "நேராக் கேக்கறேன். அந்த நாற்காலி உனக்கு வேணுமா, வேண்டாமா?"

"வேணும்."

அவள் சொன்ன வேகத்தில் மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள். அம்மா எதையாவது தனக்கென்று கேட்டு அவள் பார்த்ததில்லை.

"அப்ப வாயைத் தொறக்காத" என்றார் கணவர். அதட்டலாகச் சொல்லவில்லை. இந்த வருடம் அவளுக்கு எவ்வளவு கனத்தது என்று பார்த்த ஒருவரின் குரல் அது. அவள் தலையாட்டினாள்.

மறுநாள் காலை பாலத் தெருவுக்குப் போனாள். தான் சொன்னதை எத்தனை வீடுகள் கடைப்பிடிக்கின்றன என்று பார்த்துவிட வேண்டும். ஒருவேளை யாருமே கடைப்பிடிக்காமல் இருக்கலாம். அப்படியென்றால் கோடு வேறு எதனாலோ இறங்கியிருக்கிறது, அவள் மேல் குற்றமில்லை. தன் பேச்சை யாரும் கேட்டிருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே நடந்த ஒரே நர்ஸ் அவளாகத்தான் இருப்பாள்.

பச்சைக் கதவு வீட்டுக் குழந்தை இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தது. அம்மா வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"வாங்க சிஸ்டர். இன்னிக்கு உங்க நாள் இல்லையே?"

"சும்மாதான் வந்தேன். கை கழுவறதெல்லாம் எப்படிப் போயிட்டிருக்கு?"

"கழுவறோம், கழுவறோம். இப்பதான் குழாய்ல தண்ணி நல்லா வருதே. அதான் உங்க ஆளுங்கள்ல உயரமா ஒருத்தர் வருவாரே, அவர் சாக்கடைக்குள்ள இறங்கி ஒடஞ்ச பைப்பை மாத்திக் குடுத்துட்டாரு."

சிஸ்டர் அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள்.

"எப்போ?"

"ஆச்சு, ரொம்ப நாளாச்சு. பேன்ட்டை முட்டி வரைக்கும் மடிச்சுக்கிட்டு நின்னாரு பாருங்க, தெருவே வேடிக்கை பாத்துச்சு. அப்புறம் அந்த வக்கீல் அக்கா. எப்படி மனு எழுதணும்னு சொல்லிக் குடுத்தாங்க. இப்ப குப்பை வண்டி தினமும் வருது, சாக்கடையும் வாருறாங்க."

சிஸ்டர் திரும்பித் தெருவைப் பார்த்தாள். வாராவாரம் வந்த தெருதான். ஆனால் வீடு வீடாக மட்டுமே பார்த்திருக்கிறாள். சாக்கடை கறுப்பாக நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அதன் குறுக்கே போன குழாயில் ஓர் இணைப்பு மட்டும் புதுசாக மின்னியது.

"மில் தெருவுக்கு டிரம் குடுத்தீங்களாம். எங்களுக்கு எப்போன்னு எங்க வீட்டுக்காரர் கேட்டாரு" என்று துணியைப் பிழிந்தாள் அந்த அம்மா. "நான்தான் சொன்னேன், அவங்களுக்கு டிரம் வந்துச்சு, நமக்கு அவங்களே வந்தாங்கன்னு."

சிஸ்டருக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. குழந்தையைத் தூக்கி அதன் வயிற்றில் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள்.

கல்லூரி மாடிப்படிக்குக் கீழே, பழைய நாற்காலிகள் அடுக்கியிருந்த இடத்தில் இருவரையும் பிடித்தாள். முதலில் தன் கதையைச் சொன்னாள். பிறகு இன்ஜினியரைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அரை நாள் வேலைம்மா. பைப்பு ஒடஞ்சு சாக்கடைக்குள்ள கெடக்கு. அதைத் தாண்டிப் போய் நின்னு, குழந்தைக்கு எப்படிம்மா இருக்குன்னு கேள்வி கேக்க எனக்கு வாய் வரல."

"மனு?" என்று வக்கீலம்மாவிடம் திரும்பினாள்.

"நான் எழுதல. எப்படி எழுதறதுன்னுதான் சொல்லிக் குடுத்தேன். சட்டப்படி ரெண்டும் வேற வேற."

"அடேங்கப்பா!" என்றார் இன்ஜினியர்.

"நீங்க பேசாதீங்க சார். சாக்கடையில இறங்கினவர்."

மில் தெருவில் மட்டும் ஏன் எதுவும் செய்யவில்லை என்று மூவரும் யோசித்துப் பார்த்தார்கள். அங்கேயும் குழாய் ஒழுகியது, குப்பை கிடந்தது, குழந்தைகள் படுத்துக் கிடந்தார்கள். ஆனால் அங்கே டிரம் கொடுத்தாயிற்று. கொடுத்துவிட்ட நிம்மதியில் கேள்விகளை வரிசையாகக் கேட்டு முடித்துவிட்டு நடந்துவிட்டார்கள். எதுவும் தராமல் கேள்வி மட்டும் கேட்ட தெருவில்தான் ஒவ்வொருவருக்கும் கை அரித்தது. தன்னால் மட்டும்தான் ஆய்வு கெட்டது என்று மூன்று பேரும் தனித்தனியே பயந்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

"இப்ப என்ன செய்யறது?" என்றார் இன்ஜினியர். "சொன்னா இன்னொரு பருவம். எனக்குப் பரவாயில்ல. ரிட்டயர் ஆகறதுக்குள்ள ஒரு பட்டம் வாங்கணும்னு ஆசை, அது எப்ப வந்தா என்ன."

"என் ஆபீஸும் ஒண்ணும் சொல்லாது" என்றார் வக்கீலம்மா. பிறகு சிஸ்டரின் தோளில் கை வைத்தார். "நஷ்டம் உனக்கு மட்டும்தான்மா. நீ வேண்டாம்னா, பாலத் தெருவை எடுத்துட்டு எழுதிடலாம். நாங்க ரெண்டு பேரும் அப்படியே நிப்போம். நீயே முடிவு பண்ணு."

அவர்கள் தன்னைக் கட்டாயப்படுத்தியிருந்தால் எளிதாக இருந்திருக்கும் என்று சிஸ்டருக்குத் தோன்றியது. கோபப்பட ஆள் கிடைத்திருக்கும்.

வியாழக்கிழமை கணக்கு மிஸ் வந்தார். புள்ளியியல் ஆசிரியை. வகுப்பில் எல்லோரையும் விட வயதில் சின்னவர். எல்லோரையும் 'மேடம்', 'சார்' என்று அழைத்துக்கொண்டே இரக்கமில்லாமல் மதிப்பெண் குறைப்பவர். இன்ஜினியரின் விரல் விசைப்பலகை மேல் நின்றது. இரண்டு கோப்புகள் தயாராக இருந்தன, ஒன்றில் பாலத் தெரு இல்லை. அவர் சிஸ்டரைப் பார்த்தார்.

மேட்ரனின் நாற்காலி சிஸ்டரின் மனதில் வந்தது. அதைவிடத் தெளிவாகத் துணி பிழிந்த அந்தக் கைகள் வந்தன. பாலத் தெருவை எடுத்துவிடலாம். ஆனால் எடுத்துவிட்டால், டிரம்மே இல்லாமல் குறைந்த தெரு ஒன்று இருந்தது என்பது இனி யாருக்கும் தெரியாது. டிரம் பயன்பட்டதா என்பதும் தெரியாது. இருபது தெரு தள்ளி இருக்கிற ஒரு வீட்டிலிருந்து அவளுடைய வார்டுக்கு ஒரு குழந்தை வந்து படுக்கும்.

"மிஸ், படம் பாக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

மிஸ் கோபப்படவில்லை. யார், எப்போது, என்ன செய்தார்கள் என்று கேட்டுக் கேட்டு வெள்ளைப் பலகையில் எழுதினார். எழுதி முடித்துப் பின்னால் நகர்ந்து நின்று பார்த்தார்.

"மூணு பேரும் சேந்து அந்தத் தெருவுக்கு ஒரு முழு சுகாதாரத் துறையையே குடுத்திருக்கீங்க" என்றார். "ரொம்ப நல்ல விஷயம். ஆனா ஒப்பிடறதுக்கு என்கிட்ட இப்ப ஒண்ணுமே இல்ல. புதுசா ஒரு தெரு வேணும். ஒரு பருவம் ஆகும்."

தெரிந்த பதில்தான். இருந்தும் சிஸ்டர் பலகையை இன்னொரு முறை படித்துப் பார்த்தாள்.

மிஸ் அவர்களுடைய ஆய்வுத் திட்டத்தை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "ஒண்ணு கேக்கணும் மேடம். கேள்வி கேக்கப் போன வீட்டுல குழந்தை ஆபத்தா இருந்தா என்ன செய்யணும்னு இதுல எங்கயுமே இல்லையே. நீங்க ஏன் எழுதல?"

"அதை எழுதணுமா மிஸ்? யாரா இருந்தாலும் செய்வாங்களே."

"வக்கீல் மேடம்?"

"சிஸ்டர் எழுதியிருப்பாங்கன்னு விட்டுட்டேன். எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேன்னு எழுதாம விட்டதுலதான் என் பாதி வழக்கே ஓடுது. அப்படியும் தோணல பாருங்க."

"நான் பைப்பு எங்க போகுதுன்னு மட்டும்தான் பாத்தேன்" என்றார் இன்ஜினியர், யாரும் கேட்காமலேயே.

மிஸ் கடைசிப் பக்கத்துக்கு வந்தார். அங்கே அவருடைய கையெழுத்து இருந்தது. அதன் மேல் விரலை வைத்தார். "நானும் படிச்சுட்டுத்தான் போட்டிருக்கேன்" என்றார், முதல்முறையாக வகுப்பிலேயே மிகச் சின்னவர் போன்ற குரலில்.

புதிய திட்டத்தை அன்றே எழுத ஆரம்பித்தார்கள். ஆபத்தான குழந்தையை உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும், எந்தத் தெருவாக இருந்தாலும். அதில் யாருக்கும் மறுப்பில்லை. சிஸ்டர் இன்னொரு வரி கேட்டாள்.

"அந்த அம்மா என்கிட்ட ஏதாவது கேட்டா, நான் பதில் சொல்வேன். சொன்னதை எழுதி வைப்பேன்."

"அது கணக்கைக் கொஞ்சம் கெடுக்கும் மேடம்."

"கெடட்டும் மிஸ். கெட்டது வெளியில தெரியற மாதிரி கெடட்டும்."

மிஸ் பேனாவின் மூடியைக் கடித்தபடி யோசித்தார். பிறகு எழுதினார்.

மேட்ரனுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டுவிட்டு அவர், "நாற்காலியை வேற ஆளுக்குக் குடுத்துட்டேன்னு அப்புறம் வந்து அழக் கூடாது" என்றார்.

"அழ மாட்டேன் மேடம்."

அழுதது போனை வைத்த பிறகு. அதுவும் குளியலறையில், குழாயைத் திறந்துவிட்டு. வெளியே வந்தபோது கணவர் தட்டு எடுத்து வைத்திருந்தார். "கரண்டியை இன்னும் கொஞ்ச நாள் நானே வச்சுக்கறேன்" என்றார்.

விடுப்பு முடிந்து அவள் பழைய வார்டுக்கே திரும்பினாள். வார விடுமுறை நாளில் மட்டும் ஆய்வுக்கு வரலாம் என்று கல்லூரி ஒப்புக்கொண்டது. தொற்றுத் தடுப்புப் பிரிவுக்கு வேறு நகரத்திலிருந்து ஒருவர் வந்து பொறுப்பேற்றார். நல்லவர்தான். வராந்தாவில் எதிர்ப்பட்டால் சிஸ்டர் வணக்கம் சொன்னாள். கொஞ்ச நாள் அந்த வணக்கத்துக்கே மனதைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

புதிதாகத் தேர்ந்தெடுத்தது ஸ்டேஷன் தெரு. முதல் நாள் முதல் வீட்டில் கதவைப் பாதி திறந்துகொண்டு ஒருத்தி நின்றாள். அவளுடைய பையன் பின்னால் எதையோ இழுத்து ஓட்டிக்கொண்டிருந்தான். நன்றாக இருந்தான். சிஸ்டர் கேள்விகளை வரிசைப்படி கேட்டாள். கண் அடுக்களைப் பக்கம் போனபோதெல்லாம் அதைத் தாளுக்கு இழுத்து வந்தாள். எல்லாம் முடிந்து கிளம்பும் நேரம்.

"நர்ஸுன்னு சொன்னீங்கள்ல, இந்தத் தண்ணிய அப்படியே குடிக்கலாமா?"

சிஸ்டர் மடித்த தாளை மறுபடி விரித்தாள்.

"கூடாது. கொதிக்கவச்சு ஆறவச்சுக் குடிங்க." சொல்லிவிட்டு, சொன்னதை எழுதினாள்.

"நான் கேட்டதையுமா எழுதறீங்க?"

"நீங்க கேட்டதை இல்ல. நான் சொன்னதை."

அந்தப் பெண் அதைக் கொஞ்சம் வேடிக்கையாகப் பார்த்தாள். "எழுதிக்கோங்க. சுலபமாச் சொல்லிட்டீங்க. கொதிக்கவைக்க கேஸ் யாரு குடுப்பா?"

வார்டில் இத்தனை வருடமாக, வீட்டுக்குப் போகும் ஒவ்வோர் அம்மாவிடமும் சிஸ்டர் அதே வாக்கியத்தைச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருத்தியும் திருப்பிக் கேட்டதில்லை. அல்லது, கேட்கிற மாதிரி அவள் நின்றதில்லை.

பேனாவை மூடினாள்.

"சிலிண்டர் ஒண்ணு உங்களுக்கு எவ்ளோ நாள் வருது?" என்று கேட்டாள்.

அந்தப் பெண் கதவை முழுசாகத் திறந்தாள்.